யார் வீட்டு இருமல்?

என் முதல் இருமலுக்குக் கைதட்டல் கிடைத்தது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஆனி மாதம். அருவிக்குப் போகும் சாலையில், ஒரு விடுதியின் முன்னால் பந்தல் போட்டுப் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். 'தொழில் மந்தமான காலத்தில் அரசு முதலில் செலவிட வேண்டியது எல்லோருக்குமான மருத்துவத்துக்கா, வேலைவாய்ப்புக்கா?' என்பது தலைப்பு. நடுவர் எனக்குக் கொடுத்தது வேலைவாய்ப்பு அணி.

"கஜானாவில காசு இல்லாத நேரத்துல, யார் வீட்டு இருமலுக்கோ அரசாங்கம் கஷாயம் வச்சுக் குடுக்கணுமா? இருமுறது உங்க தொண்டை. அதுக்கு ஊர்ப் பணமா?" என்று கேட்டேன். கேட்ட கையோடு எனக்கே இருமல் வந்துவிட்டது. நான் நடிப்பதாக நினைத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சும்மா விடுவேனா? "பயப்படாதீங்க, இதுக்கு நான் அரசாங்கத்துகிட்ட போகமாட்டேன். சொந்தக் காசுல மிளகு வாங்கிக்குவேன்" என்றேன். பந்தல் அதிர்ந்தது.

அதற்குப் பிறகு ஏறிய மேடைகளில், இருமல் வராத நாளிலும் அந்த இடம் வந்ததும் வேண்டுமென்றே இருமினேன். கொஞ்ச நாளில் நடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. இலத்தூரில் வீடு. என் வீட்டுக்காரர் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவருக்கும் அரசு ஓய்வூதியம் வருகிறது, மருத்துவக் காப்பீடும் உண்டு. இதை வைத்துக்கொண்டுதான் எல்லோருக்கும் மருத்துவம் வேண்டாம் என்று மேடை மேடையாக முழங்கினேன். அணியை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கைதட்டலைக் கேட்கக் கேட்க, பேசியது அத்தனையும் என் சொந்த நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. அதற்கு நடுவரைக் குறை சொல்ல முடியாது.

எதிரணியில் வேலாயுதம் அண்ணாச்சி. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். அப்படி ஒரு குரல்! அவர் எழுந்தாலே மைக்செட்காரர் சத்தத்தைக் குறைத்துவிடுவார். "வேலை குடு, வேண்டாங்கல. காய்ச்சல்ல சுருண்டு கெடக்கவன் எப்படிய்யா மூட்டை தூக்குவான்? மொதல்ல அவன எழுப்பி நிறுத்து!" என்று அவர் கேட்டால் கடைசி வரிசையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மேடையில் நாங்கள் அடித்துக்கொள்ளாத குறைதான். ஆனால் போவதும் வருவதும் அண்ணாச்சியின் பழைய காரில் ஒன்றாகத்தான். அவர் ஓட்டுவார். பின்னால் நானும் அவர் மனைவி செல்லம் மதினியும். அந்தக் காருக்குள்தான் எங்கள் ஒத்திகை. என் அணிக்கும் அவரே பாயிண்டு எடுத்துக் கொடுப்பார். "சீசன்லயும் லாட்ஜு காலியா கெடக்கதச் சொல்லுங்க டீச்சர், அருவிக்கரையில எண்ணெ தேய்க்கவன் கையக் கட்டிக்கிட்டு நிக்கதச் சொல்லுங்க. சனம் கை தட்டும்" என்பார்.

நான் இருமினால் உடனே அவர் கை கண்ணாடிக்குப் போகும். "செல்லம், அங்கன கண்ணாடிய ஏத்து. டீச்சருக்குச் சாரக்காத்து ஆகாது." நான்கு கண்ணாடியும் ஏறிவிடும். வெளியே தூறல், உள்ளே எங்கள் மூவர் மூச்சு. இலத்தூர் வரும்வரை பேசிக்கொண்டும் இருமிக்கொண்டும் வருவேன்.

மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இருமல் வந்தால் நோய் என்று நினைக்க மாட்டோம், தொண்டை மக்கர் செய்கிறது என்போம். சித்தரத்தை, பனங்கற்கண்டு, வெந்நீர் என்று காலத்தை ஓட்டுவோம். சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. ரவிக்கை தொளதொளத்தது. "டீச்சர் இளைச்சு அழகாயிட்டீங்க" என்று யாரோ சொன்னதற்கு உள்ளூர மகிழ்ந்தும் போனேன். புத்தியைப் பாருங்கள்!

தென்காசியில் நான் வழக்கமாகப் பார்க்கும் தனியார் மருத்துவர், "ஒரு எக்ஸ்ரே எடுத்திருவோம்மா" என்று ஆடி மாதமே சொன்னார். "சீசன் முடியட்டும் டாக்டர்" என்றேன். ஒப்புக்கொண்ட மேடைகள் மிச்சமிருந்தன. இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், தயவுசெய்து எதுவும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சளியைக் கொண்டுபோய்ச் சோதித்துவிடுங்கள்.

ஆவணியில் ஒரு காலை, கைக்குட்டையில் ரத்தம். எக்ஸ்ரே எடுத்த கையோடு அந்த மருத்துவரே என்னை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். சளிப் பரிசோதனை முடிவு வந்தது. காசநோய் (நுரையீரலைத் தாக்கும் தொற்று, நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் பரவுவது).

நெஞ்சுநோய் மருத்துவர் என் மகள் வயதுப் பெண். அரசு இலவசமாகத் தரும் மாத்திரைகளை மேசையில் எடுத்து வைத்தார். எனக்கு என்னமோ போலிருந்தது. "டாக்டர், நான் வெளியில காசு குடுத்து வாங்கிக்கிடுதேன். இத இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றேன். பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். அது மேடைத் திமிர்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வெளிய வாங்கினா நீங்க நடுவுல நிறுத்திட்டாலும் எனக்குத் தெரியாது. இங்க வாங்கினா தெரியும். எனக்கு உங்களப் பத்தி மட்டும் கவலை இல்லம்மா. இந்த ரெண்டு மூணு மாசமா மூடின இடத்துல, ரொம்ப நேரம், உங்க பக்கத்துல யாரெல்லாம் இருந்தாங்க? சொல்லுங்க."

கண்ணாடிகள் ஏறும் சத்தம் காதில் கேட்டது. மூன்று பேரைச் சொன்னேன். என் வீட்டுக்காரர், மதினி, அண்ணாச்சி. பந்தலில் இருந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். திறந்த வெளி, காற்றோட்டம் இருந்திருக்கும், அவ்வளவு பயம் வேண்டாம் என்றார். அவ்வளவு பயம் என்றால் எவ்வளவு என்று கேட்கத் துணிவில்லை.

மூவரையும் சோதித்தார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. அண்ணாச்சிக்குச் சர்க்கரை நோய் இருந்ததால், காய்ச்சலோ வலியோ வந்தால் அன்றைக்கே வரச் சொன்னார்கள். "கல்லு மாதிரி இருக்கேம்லா! நீங்க மொதல்ல உடம்பத் தேத்துங்க. எதிரணி இல்லாம நான் யார்கூடப் பேச?" என்று போனில் சிரித்தார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மாத்திரை ஆறு மாதம். தொடக்கத்தில் குமட்டும், சோற்றைக் கண்டாலே எரிச்சல் வரும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பதறாதீர்கள், அது மருந்தின் சாயம். காலையில் என் வீட்டுக்காரர் "ஏட்டி, மாத்திரை" என்று வாசற்படியில் வந்து நிற்பார். நான் விழுங்கும்வரை நகரமாட்டார். பழைய போலீஸ் இல்லையா. தெருவில் கேட்டவர்களிடம் நிமோனியா என்று சொன்னேன். அது பொய்.

கார்த்திகையில் சதை பிடித்தது. சாப்பாட்டில் ருசி தெரிந்தது. பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மார்கழியில் மதினி போன் செய்தார். சந்தையில் முருங்கைக்காய்க்கு ஏலம் கூறிக்கொண்டிருந்த அண்ணாச்சி, பாதி விலையில் குரல் நின்று, விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஒரு வாரமாகக் காய்ச்சல் இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. புளூரல் எஃபியூஷன் (நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்துக்கொள்வது). முதுகில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். அதிலும் காசநோய்தான்.

மருத்துவரிடம் ஓடினேன். "எங்கிட்ட இருந்துதான டாக்டர்?" என்றேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. எத்தனையோ வழியில வரலாம்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ உண்மையாகவே சொன்னாரோ, எனக்கு அது ஏறவில்லை. அண்ணாச்சி முகத்தைப் பார்க்கப் பயந்து தை பிறக்கும்வரை பாவூர்சத்திரம் பக்கமே போகவில்லை. எனக்கு நோய் வந்தபோது ஓயாமல் போனில் சிரிக்கவைத்த மனிதர் அவர். நான் செய்ததைப் பாருங்கள்.

போன அன்று மதினி 'வாங்க' என்று சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு நின்றார். பிறகு, "ஒங்களுக்காகத்தான டீச்சர் கண்ணாடிய ஏத்தச் சொன்னாவ" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

"ஏட்டி, சும்மா கெட" என்று உள்ளே இருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. அந்தக் குரலா இது என்று திடுக்கிட்டேன். கட்டிலில் தலையணையைச் சாய்த்து மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், மேடையில் போடுவது போலவே.

"நடுவர் அவர்களே" என்று தொடங்கினார். "டீச்சராலதான் எனக்கு நோய் வந்துச்சுன்னு எதிரணி சொல்லுது. நான் மறுக்குதேன். ஒன்னு..." மூச்சு வாங்கினார். "சந்தையில நித்தம் எத்தனையோ பேரு என் மூஞ்சிக்கு நேர இருமுதானுவ. அவனுவள்ல எவன்னு கண்டீக? ரெண்டு... எனக்குச் சர்க்கர. வாரது எல்லாம் எனக்கு வரத்தான் செய்யும். மூணு..." மூன்றாவது வரவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. கையைக் காட்டி நிறுத்தினார். "மூணாவது பொறவு சொல்லுதேன். எதிரணி என்ன சொல்லுதீக?"

தோற்கிற பக்கத்தை எடுத்துப் பேசுவதில் அண்ணாச்சியை மிஞ்ச ஆளில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேடையில் ஒருநாளும் வார்த்தைக்குத் தவித்ததில்லை நான்.

"என் பென்சன், என் இன்சூரன்சு எல்லாம் ஒங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி. மேடையில அத ஒரு வரி சொல்லியிருந்தா நான் அன்னைக்கே விழுந்திருப்பேன். ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"கருத்தத்தான் டீச்சர் அடிக்கணும். ஆள அடிக்கக் கூடாது" என்றார். மதினி காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

எனக்கு மாசியில் மருந்து முடிந்தது, அவருக்கு ஆனியில். நோய் போய்விட்டது. ஆனால் அவருடைய நுரையீரல் உறை தடித்துப்போனதால் ஒரு பக்கம் முழுதாக விரிவதில்லை. சந்தைக்குப் போகிறார், ஏலம் வேறு ஒருவர் கூறுகிறார். அண்ணாச்சி நாற்காலியில் அமர்ந்து விரலால் விலையைக் காட்டுகிறார். சாகும்வரை என் மனதை அறுக்க இது போதும்.

கொள்கை என்று கேட்டால், நான் ஒரேயடியாக மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மந்த காலத்தில் வரி குறையும்போது இத்தனை பேர் மருந்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. அண்ணாச்சியிடமும் இல்லை. ஆனால் நோயை அவரவர் வீட்டுச் சாமான் போல எண்ணிப் பேசினேன் பாருங்கள், அங்கேதான் என் கணக்கு தப்பு. என் மருந்தை நான் ஆடியிலேயே சாப்பிட்டிருந்தால் அது அண்ணாச்சிக்கும் மருந்தாக இருந்திருக்கும்.

இந்த ஆடியில் குற்றாலத்தில் அதே தலைப்புக்குக் கூப்பிட்டார்கள். "நான் ஒங்க அணிக்கு மாறிக்கிடுதேன் அண்ணாச்சி" என்றேன். "எதுக்கு? அந்தப் பக்கமும் ஒரு ஆளு நல்லாப் பேசணும்லா? எதிரணி பொக்கையா இருந்தா பட்டிமன்றம் வெளங்குமா?" என்றார். கடைசியில் நான் அணி மாறித்தான் ஒப்புக்கொண்டேன். இந்த ஒன்றில் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கேட்க வருகிறோம் என்று அவரும் மதினியும் கிளம்பினார்கள்.

கார் அண்ணாச்சியுடையதுதான். இப்போது என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். முன்சீட்டில் அண்ணாச்சி, அவருக்குப் பின்னால் நான், பக்கத்தில் மதினி. கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன. பழைய குற்றாலத்துக்குப் பிரியும் இடம் தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவது என் வழக்கம்; செருமினேன்.

அண்ணாச்சியின் கை தன்னால் கண்ணாடிக் கைப்பிடிக்குப் போனது.

"ஏத்தாதீக அண்ணாச்சி."

"தொண்ட கட்டும் டீச்சர்."

"கட்டட்டும்."

கைப்பிடியிலேயே கையை வைத்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னார்: "மூணாவது பாயிண்டு பாக்கி இருக்குலா... கண்ணாடிய ஏத்துனவன் நான்."

இந்த முறை எனக்கு வார்த்தை வந்தது. "இருமுனது என் தொண்ட, அண்ணாச்சி."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் மூச்சிரைப்பாக மாறியது. என் வீட்டுக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். முன்பெல்லாம் மேடைக்கு நேரமாகிவிட்டது என்று பதறுகிறவள் நான். இப்போது அவருடைய ஒவ்வொரு மூச்சுக்கும் என் நெஞ்சும் கூடவே ஏறி இறங்குகிறது. சாரல் எங்கள் நால்வரையும் நனைத்தது. அவருக்கு மூச்சு திரும்பும்வரை வண்டி அங்கேயே நின்றது.