ஏழாம் லயத்துக் கதை

காலை 7.10. பதுளையில் மடுல்சீமை பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்றைம்பது ரூபாய். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். பசறையில் பஸ் பத்து நிமிடம் நின்றது. திரும்பி ஓடிவிடலாமென்று இறங்கினேன். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வீரனைப் போல மறுபடி ஏறிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். இருபத்தைந்து வருடங்களுக்கு முன், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் வாத்தியாராக இருந்தபோது, கொழுந்து எடுக்கும் பாக்கியத்தைக் காதலித்தேன். கொழும்பில் வேலை கிடைத்ததும் அவளை விட்டுவிட்டு, அதையே சிறுகதையாக எழுதினேன். பரிசும் வாங்கினேன். அவள் பெயரை மாற்றிய புத்திசாலி, ‘ஏழாம் லயம், கடைசிக் காம்பரா’ என்பதை மட்டும் எதார்த்தத்துக்காக விட்டுவைத்தேன். தோட்டத்தில் ஆளுக்கு அடையாளமே எந்த வரிசை வீடு, எந்த அறை என்பதுதான். (இம்முறை இலக்கத்தை மாற்றியிருக்கிறேன்.) காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கணக்கப்பிள்ளை கதையை உரக்க வாசித்தார். பாக்கியத்துக்குப் பூனாகலையிலிருந்து பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவேயில்லை.

9.20. மடுல்சீமையிலிருந்து ஆட்டோ. ஐந்து கிலோமீட்டர் குழி, இடையிடையே ரோடு.

“பயமா இருக்கா சேர்?”

“ரோட்டுக்கு இல்ல தம்பி.”

மதியம் 12. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

“யாரு அக்கா இது, இன்சூரன்ஸ்காரரா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“இல்லடி, கதை எழுதுறவரு” என்றாள் பாக்கியம், தராசிலிருந்து கண்ணெடுக்காமல்.

“ஐயோ, ஏழாம் லயத்துக் கதையா?” கேட்டவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் எழுத்து நிலைத்துவிட்டது!

வரிசை கலைந்ததும், பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மன்னிப்பை ஒப்பித்தேன். பாதியில் மறந்துபோனது.

“அதெல்லாம் ஆறிப்போச்சுங்க. ஆறினதக் கிளறிட்டு நீங்க ரெண்டு மணி பஸ்ல போயிருவீங்க. நாளைக்குப் பெரட்டுல நிக்கப்போறது நானு.”

சாக்கை உதறிக்கொண்டே தொடர்ந்தாள்.

“அன்னிக்கி வாசிச்சப்ப ஒன்னுதான் பொறுக்கல. நீங்க போறப்ப லொறிக்குப் பின்னாடி நான் அழுதுகிட்டே ஓடியாந்தேன்னு எழுதியிருந்தீங்களே, நான் எங்கங்க ஓடினேன்?”

“அது... கதைக்காக...”

“அழுதது யாரு?”

“நான்.”

“அத எழுதுங்க.”

கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

2.00. பஸ்ஸில் இதை எழுதுகிறேன். அன்று லொறிக்குப் பக்கத்தில் நின்று அழுதது நான். பாக்கியம் அழவில்லை. முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, மழைக்கு முன் கொழுந்தெடுக்க வேண்டும், நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டாள்.