குறை காட்டி வித்த காம்ப்ளக்ஸ்

துணிக்கடையில நின்னு பிழைக்கிறவளுக்கு முதல்ல கால் வீங்கும், அப்புறம்தான் சம்பளம் ஏறும். நின்னு பார்த்தவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருந்தது எங்க ஃபேக்டரி அவுட்லெட் காம்ப்ளக்ஸ். தகரக் கூரை போட்ட அஞ்சாறு கடை, நடுவுல வெட்டவெளி. ஏற்றுமதிக்குத் தைச்சு, சின்னக் குறைக்காகக் கழிச்சுவிட்ட துணிதான் சரக்கு. அதை இடிச்சு மால் கட்டப்போறேன்னு முதலாளி சொன்னதிலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு. வீட்டுல சம்பாதிக்கிறவ நான் ஒருத்திதான். புதுக் கட்டடத்துல எனக்கு இடம் உண்டா இல்லையான்னு யாரும் வாயைத் திறக்கலை.

குறை எங்கே?

குறை இருக்கிற இடத்தைச் சாக்பீசால வட்டம் போட்டுக் காட்டித்தான் விப்போம். அது எங்க வழக்கம். ஒருநாள் சுரக்குடிப் பெரியவர் ஒருத்தர் மகனுக்குச் சட்டை எடுத்தார். வட்டத்தைக் காணோம். நானும் உள்ளும் புறமும் திருப்பித் தேடினேன், ஒரு பழுதும் இல்லை. நல்ல சட்டைதான், எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன். மனுஷன் சட்டையைக் கீழே வச்சுட்டார்.

"குறை எங்கன்னு காட்டும்மா. காட்டினாத்தான் நம்பி எடுக்க முடியும்."

குளத்துல விடுற சட்டை

திருநள்ளாறு போறவங்க பாதிப்பேர் எங்க கடைக்கு வந்துட்டுத்தான் போவாங்க. குளத்துல முழுகி, போட்டிருந்த துணியை அங்கேயே விட்டுட்டு வரணுமே, அதுக்கு மட்டமா ஒண்ணு வேணும். ஒரு புருஷன் பொண்டாட்டி அப்படித்தான் வந்தாங்க. அவர் போட்டுப் பார்த்தவர், கண்ணாடியை விட்டு நகரலை. இதை வச்சுக்கிறேன், போட்டுட்டு வந்ததைக் குளத்துல விட்டுடுறேன்னார். அந்தம்மாவுக்கு முகம் மாறிப்போச்சு.

"அது எங்க அம்மா வீட்டுல தீபாவளிக்கு எடுத்துக் குடுத்ததுங்க. அதை விட்டாத்தான் உங்க சனி விலகுமா?"

பாய் மிஷின்

ஏற்றுமதிச் சட்டையெல்லாம் வெள்ளைக்காரன் அளவு. நம்ம ஆள் போட்டா கை விரலை மூடும். வெட்டவெளியில மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர் சலீம் பாய்தான் ஊர் அளவுக்குக் குறைச்சுத் தருவார். மாலுக்குப் போட்ட பிளானை முதலாளி ஒருநாள் விரிச்சுக் காட்டினார். லிஃப்ட் இருக்கு, நகரும் படிக்கட்டு இருக்கு, ஐஸ்கிரீம் கடை இருக்கு, பாய் மிஷினுக்கு இடமில்லை. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. பாய் நிதானமாப் பார்த்துட்டுச் சிரிச்சார்.

"இனிமே சட்டைக்குத் தகுந்த மாதிரி நம்ம உடம்பைத்தான் தைச்சுக்கணும் போல, தங்கச்சி."

வாசல் வேலை

எனக்கு வேலை கிடைச்சுது, மால் வாசல்ல நிக்கிற வேலை. சேலை போய் பேன்ட்டு, சட்டை, கொண்டை, உதட்டுச் சாயம். "குட் ஈவினிங் மேடம்"க்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது. போன வாரம் கோட்டுச்சேரி சரோஜா வந்துச்சு. பிள்ளைங்களுக்குத் துணின்னா பழைய கடையில எங்கிட்டதான் எடுக்கும். வாய் நிறைய "வா சரோஜா"ன்னு கூப்பிடணும்போல இருந்துது. பக்கத்துல மேனேஜர் நிக்கிறான். "குட் ஈவினிங் மேடம்"னேன். செருப்பைக் கழட்டலாமா வேண்டாமான்னு தயங்கி நின்ன சரோஜா, என் முகத்தை நேராப் பார்த்துக் கேட்டுச்சு.

"ஏங்க, பழைய கடையில ஒரு அக்கா இருப்பாங்களே, அவங்க இருந்தா கொஞ்சம் வரச் சொல்லுங்க."

ஆக, புதுக் கட்டடத்துல எனக்கு இடம் கிடைச்சுடுச்சுங்க, என்னைத்தான் காணோம்.