காற்றுக்கு விட்ட நான்கு துளைகள்

எழுபதுகளின் பிற்பகுதியில், கோவில்பட்டியில், ஒரு கோடை விடுமுறையின்போது நடந்தது இது. அங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்த நான், மதுரையில் ஒரு பேராசிரியரிடம் ஆய்வுப் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன்.

சோளம் எப்போது பூக்கிறது என்பது என் ஆய்வு. கரிசலில் வெகுகாலமாக விதைத்துவரும் நாட்டுச் சோளம், இரவுகள் நீளத் தொடங்கிய பிறகே கதிர் விடும். எவ்வளவு வளர்ந்திருந்தாலும் அதுவரை காத்திருக்கும். அப்போது புதிதாக வந்திருந்த குட்டை ரகம் அப்படியல்ல. இரவு நீண்டாலும் குறைந்தாலும் உரிய வயதில் பூத்துவிடும். இரண்டையும் அருகருகே வளர்த்து இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டுமானால், பகலும் இரவும் என் கையில் இருக்கும் ஓர் அறை வேண்டும்.

அத்தகைய அறை ஒரு பழைய தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்கூடத்தில், கிடைத்தது. உரிமையாளர் தொழிலைப் பெரிய கட்டடத்துக்கு மாற்றிவிட்டதால் அது பூட்டிக் கிடந்தது. மருந்தில் தோய்த்தெடுத்த தீக்குச்சிகளைக் காய வைப்பதற்காகக் கட்டிய அறை; கனத்த சுவர், தளம் போட்ட கூரை, சன்னல் இல்லை. வடக்குச் சுவரில் தரையை ஒட்டி நான்கு துளைகள், தெற்குச் சுவரில் கூரையை ஒட்டி நான்கு. மேல்துளைகளை மறைத்து உட்புறம் சாய்வாகப் பலகைகள் அறைந்திருந்தார்கள். அவற்றின் வழியே வெளிச்சம் வரவில்லை. கீழ்த்துளைகளில் வந்தது. கறுப்புத் துணியைச் சுருட்டி வெளியிலிருந்து அவற்றை அடைத்தேன். எட்டு ட்யூப் லைட்டுகளை மாட்டி, கரிசல் மண் நிரப்பிய நாற்பது தொட்டிகளை வைத்தேன். இருபதில் நாட்டுச் சோளம், இருபதில் குட்டை ரகம். காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டு, மாலை நான்கு மணிக்கு அணைப்பேன். பிறகு பதினான்கு மணி நேரம் இருட்டு. அந்த இருட்டில் சிறிது வெளிச்சம் புகுந்தாலும் நாட்டுச் சோளத்தின் கணக்குக் குலைந்துவிடும்.

வாசலை ஒட்டிய சிறு அறையில் ஒரு பெண் குடியிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், கணவர் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே மருந்து முக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். தொழில் இடம் மாறியபோது, கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிக் காவலாக இருக்கட்டும் என்று உரிமையாளர் அவரை அங்கேயே இருத்தியிருந்தார். முதல் நாளே அவரிடம் சொன்னேன்: "விளக்கை அணைத்த பிறகு உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் போகக்கூடாது." அவர் தலையசைத்தார். எங்களுக்குள் நடந்த பேச்சு ஏறத்தாழ அவ்வளவுதான்.

வெயில் கடுமையாக இருந்தும், அறையின் வெப்பம் முப்பத்தாறு, முப்பத்தேழு பாகையைத் தாண்டவில்லை. ஒவ்வொரு நாளும் அதை ஏட்டில் குறித்தேன். கனத்த சுவர்கள்தாம் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். வடக்குச் சுவருக்கு வெளியே, துளைகளை ஒட்டி எப்போதும் ஓர் ஈரச் சாக்கு விரிந்து கிடப்பதைக் கவனித்தேன். அது எதற்கு என்று யோசிக்கவில்லை.

நாற்பதாவது நாள், மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க நண்பகலில் போனேன். வடக்குச் சுவரின் நான்கு துளைகளும் திறந்திருந்தன. துணிச் சுருள்கள் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் வரிசையாக இருந்தன. அந்தப் பெண் சாக்குக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு இதை எடுத்தீங்க?"

"சாயங்காலம் அடைச்சிருவேன் டீச்சர். அதுக்குள்ள கொஞ்சம்..."

அவரை முடிக்க விடவில்லை. நாற்பது நாள் உழைப்பு, விளையாட்டில்லை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். குரல் உயரவில்லை, ஆனால் கல்லூரியில் தேர்வறையில் பேசுகிற குரல் அது. அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

நேரே உரிமையாளரிடம் போனேன். அவருக்கு நம்ப முடியவில்லை.

"அவளா? ஒரு குச்சியக்கூட வீட்டுக்குக் கொண்டு போகாதவல்லா!" என்றார். சற்று யோசித்துவிட்டு, "சரி, நீங்க படிச்சவிய. காரணமில்லாமலா சொல்லப்போறீங்க. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்து ரூமைக் காலி பண்ணட்டும். சொல்லிருதேன்" என்றார்.

அவரை வெளியேற்றும்படி நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று மாலையே, விளக்கை அணைத்ததும், கொத்தனாரை அழைத்து நான்கு துளைகளையும் சிமெண்டு வைத்துப் பூசச் செய்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டு, ஏட்டை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பேருந்து ஏறினேன். பேராசிரியர் வெப்பக் குறிப்புகளை வரிவரியாகப் பார்த்தார். "கரிசல் கோடையில் ஒரு மூடிய அறையை இப்படிக் கட்டுக்குள் வைப்பது எளிதல்ல" என்று பாராட்டினார். மகிழ்ச்சியோடு திரும்பினேன்.

பேருந்து சிறிது தாமதம். நாலரை மணிக்குக் கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அறைந்தது. வெப்பமானி நாற்பத்தொன்பதைக் காட்டியது. ட்யூப் லைட்டுகளின் சோக்குகளைத் தொட முடியவில்லை. நாட்டுச் சோளத்தின் இலைகள் எல்லாம் சுருண்டிருந்தன. குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் கையோடு வந்தது. ஒவ்வொரு தொட்டியாக இழுத்துப் பார்த்தேன். இருபதும் அப்படியே. குட்டை ரகத்தில் ஆறு தொட்டிகளில் மட்டும் உயிர் இருந்தது.

அறையில் மாறியது ஒன்றே ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

விளக்கை அணைத்துவிட்டு வாசல் அறைக்குப் போனேன். அவர் பாத்திரங்களைப் பழைய சேலையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். ஸ்டூலைக் கட்டியாச்சு. பெட்டிமேல இருங்க."

நான் உட்காரவில்லை. "அந்தத் துணியை எதுக்கு எடுத்தீங்க?" என்றேன்.

"சூடு போகத்தான். வேற என்னத்துக்கு?" அவர் முடிச்சை இறுக்கினார். "கீழ காத்து நுழைஞ்சாத்தான மேல சூடு போகும். சாக்கு நனைஞ்சிருந்தா வார காத்தும் குளுந்து வரும். அதுக்குன்னு கெட்டுன ரூம்லா அது. குச்சி காயுதப்ப கீழ அடைச்சிட்டா மருந்து பத்திக்கிடும்னு மொதலாளி சத்தம் போடுவாவ."

"வெளிச்சம் உள்ளே போகுமே?"

"லைட்டு எரியுதப்ப போனா என்ன டீச்சர்? உள்ளயும் வெளிச்சந்தான கெடக்கு. அமத்துன பெறகுதான் இருட்டு வேணும்னு நீங்கதான சொன்னீங்க. தெனமும் நாலு மணிக்கு முந்தி அடைச்சிருவேன். ஒருநாளும் தப்புனதில்ல."

இருட்டுக் காலத்தில் மட்டும் மூடியிருக்க வேண்டிய துளைகளை நாள் முழுதும் ஏன் மூடி வைக்க வேண்டும்? அத்தனை புத்தகங்களைப் படித்தும் அந்த எளிய கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"சொல்ல வந்தேன்லா. நீங்க கேக்கலியே."

குற்றம் சாட்டும் குரலில் அல்ல, நடந்ததைச் சொல்லும் குரலில் சொன்னார். பிறகு, "செடி எப்படி இருக்கு?" என்றார்.

"கருகிப்போச்சு. ஆறு மிச்சம்."

அவர் எழுந்து, கதவுக்குப் பின்னாலிருந்து கடப்பாரையை எடுத்தார். "அந்த ஆறயாவது பாப்போம். வாங்க."

சிமெண்டு இன்னும் முழுதாக இறுகவில்லை. பத்து நிமிடத்தில் நான்கையும் பெயர்த்துவிட்டார். உள்ளே நின்ற நான், வெளிச்சம் புகுவதைக் கண்டு, என்னை அறியாமல் ஒரு துளையைக் கையால் பொத்தினேன். வாசலில் வந்து பார்த்த அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விடியுத வரைக்கும் கைய வச்சுக்கிட்டே நிப்பீங்களோ? மத்த மூணுக்கு யாரு? மேல பாருங்க."

மேலே பார்த்தேன். நாற்பத்தொரு நாட்களாக என் தலைக்குமேல் இருந்த சாய்வுப் பலகைகள்.

"அதே மாரி கீழயும் ரெண்டு பலகைய மாத்தி மாத்திச் சாச்சு வச்சிருவோம். காத்து வளைஞ்சு வந்திரும். வெளிச்சம் வளையுமா?"

பழைய கள்ளிப்பெட்டிகளை உடைத்துப் பலகை எடுத்தோம். அவர் ஆணி அடிக்க, நான் பிடித்துக்கொண்டேன். முடித்துவிட்டுக் கதவைச் சாத்தி உள்ளே நின்று பார்த்தோம். இருட்டு முழுமையாக இருந்தது. கணுக்காலில் காற்று பட்டது.

அன்றே உரிமையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அப்பத் தப்பு யார் மேல?"

"என் மேலதான் அண்ணாச்சி."

"படிச்சவிய சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நானும் விசாரிக்காம இருந்துட்டேன். அவ எங்கயும் போக வேண்டாம், சொல்லிருங்க." பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தப்பு உங்க மேலன்னு அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. துளையைப் பற்றியும் பலகையைப் பற்றியும் அவ்வளவு பேசிய நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அந்த நிமிடமே திரும்பிப் போனேன். "அக்கா" என்று முதல் தடவையாக அவரை அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன், போக வேண்டியதில்லை என்ற செய்தியையும் சொன்னேன். அவர் மூட்டைப் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைத்ததுபோல் இருந்தது. இருட்டத் தொடங்கியிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"சரி டீச்சர். அந்த ஸ்டூலை அவுக்கணும். முடிச்சப் பிடிங்க" என்றார்.

மிஞ்சிய ஆறு செடிகளும் தத்தம் வயதில் கதிர் விட்டன. ஆனால் ஒப்பிட்டுக் காட்ட நாட்டுச் சோளம் இல்லை. மீண்டும் விதைத்தேன்; பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அந்த இரண்டாவது பயிரின்போது மதிய வெப்பத்தைப் பார்த்துச் சிலேட்டில் எழுதி வைத்தவர் அக்காதான். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

என் ஆய்வேட்டில் அறையைப் பற்றிய பக்கம் ஒன்று உண்டு. அளவு, விளக்குகளின் எண்ணிக்கை, வெப்பநிலை எல்லாம் அதில் இருக்கின்றன. நான் இல்லாத ஒவ்வொரு பகலிலும் அந்த வெப்பத்தை முப்பத்தாறில் நிறுத்தி வைத்தது யார் என்று எழுத அந்தப் பக்கத்தில் இடமில்லை. இவ்வளவு காலம் கழித்தாவது இங்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.