ஐம்பது நிமிடத் தூரம்

ரெக்சின் ஓரத்தை மடித்து, கட்டைவிரலால் தேய்த்து அமர்த்திவிட்டு, அவள் கைகள் அதை ஊசிக்கடியில் தள்ளின. மூலை வந்ததும் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையாலேயே உருட்டின. மூலையில் ஒரு தையல் பிசகினாலும் இருக்கையில் மாட்டும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

சிறிய விமான நிலையத்தின் பின்தெருவில் அவளுக்கு ஒற்றை அறைக் கடை. கார் சீட்டுக்கு உறை தைத்துப் பழகியவள். விமானத்தில் கிழியும் உறைகளும் இப்போது அவளிடம்தான் வருகின்றன. நாள் முழுக்கத் தலைக்கு மேல் விமானம் பறந்தாலும், எது எங்கே போகிறது என்று அவள் கேட்டதில்லை. கடையை ஒட்டிய வீட்டில் அப்பா ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவளுக்கு எங்கேயும் போக வழியில்லை.

அப்பா கேட்பதெல்லாம் பெரியவன் எப்போது வருவான் என்பதுதான். மலைக்கு அந்தப் பக்கம் வேலையிலிருக்கும் அண்ணன் போனில் சொல்வதையே அவள் திருப்பிச் சொல்வாள். சாலை மலையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. விமானம் என்றால் தலைநகரம் போய், இரவு தங்கி, மாறி வர வேண்டும். அத்தனை விடுப்பு கிடைக்காது. "உங்கண்ணன் என்ன நிலாவுலயா குடியிருக்கான்?" என்று கணவன் கிண்டல் செய்தபோதெல்லாம் அண்ணனுக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டிருக்கிறாள்.

அன்று காலை உறையைக் கொண்டுவந்த மெக்கானிக் அவசரப்படுத்தினார். சாயங்காலம் அந்த விமானம் கிளம்ப வேண்டுமாம். எங்கே என்று பேச்சுக்குத்தான் கேட்டாள். அவர் அண்ணன் இருக்கும் ஊரைச் சொன்னார்.

"நேராவா?"

"போன வருஷத்துலேர்ந்து தினமும் போய்ட்டு வருதேக்கா. முந்நூறு கிலோமீட்டர்தான், ஐம்பது நிமிஷம். சாஞ்சு கண்ண மூடுறதுக்குள்ள எறங்கச் சொல்லிடுவான்."

அண்ணனுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் முதலில் நினைத்தாள். நல்ல செய்தி சொல்லும் அவசரத்தில் நூலைக்கூட அறுக்காமல் போனை எடுத்தாள்.

"அண்ணே, உங்க ஊர்லேர்ந்து இங்க நேரா விமானம் வருதாமே."



"யாரு சொன்னா?"

தெரியாதவன் 'அப்படியா?' என்று கேட்டிருப்பான். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். அவன் வேலை, விடுப்பு என்று சுற்றிவளைத்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"அப்பாவ அந்தக் கோலத்துல பாக்க எனக்குத் தெம்பில்லம்மா."

"எனக்கு மட்டும் இருந்துச்சாண்ணே?"

அவன் பதில் சொல்லத் தொடங்குமுன் போனை வைத்துவிட்டாள்.

மதியம் சோறு ஊட்டும்போது அப்பா வழக்கம்போலக் கேட்டார். வாய் கோணிப் போனதால் அவர் பேச்சு அவளுக்கு மட்டும்தான் புரியும். உண்மையைச் சொன்னால் இனி ஒவ்வொரு விமானச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்.

"ரொம்பத் தூரம்பா" என்றாள்.

நேற்றுவரை அது அண்ணனின் பொய். அவள் திருப்பிச் சொன்னபோதும் அது அண்ணனுடையதாகத்தான் இருந்தது. இன்று அவளுடையதாகிவிட்டது. அப்பாவின் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தையலுக்குப் போனாள்.

மெக்கானிக் வந்தபோது உறை தயாராக இருந்தது. அவர் மூலைகளை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"நீங்களும் ஒருநாள் போய்ட்டு வாங்கக்கா. அந்தப் பக்கம் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல" என்று சொல்லி, மடிப்புக் கலையாமல் உறையை அவர் கையில் வைத்தாள்.