பூட்டிக்கொள்ளாதவர்

"தப்பு பண்றவங்களுக்குத்தான் சார் திரும்பி வர வழி வேணும். எனக்கு எதுக்கு?"

இந்த வீரவசனம் முழங்கப்பட்டது போர்க்களத்தில் அல்ல. வீட்டு முன்னறையிலேயே கடை வைத்திருந்த ஒரு தையல்காரரின் வெட்டுமேசையில், பேன்ட் துணிகளுக்கும் பட்டன் டப்பாவுக்கும் நடுவே இடம்பிடித்திருந்த லேப்டாப்பின் முன்னால். முழங்கியவர் தையல்காரரின் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையமொன்றின் வரவேற்பு மேசையில் பல வருடமாக உட்கார்ந்திருப்பதால் எல்லோருக்கும் அவர் 'ரிசப்ஷன் அக்கா'. கேட்டவர்கள், முகம் காட்டாத ஒரு வகுப்பு மாணவர்கள், பாடம் நடத்திய சார், கையில் ஊசியோடு உறைந்துபோன தையல்காரர்.

அக்காவை இந்த மேடையில் ஏற்றிய பெருமை நிலையத்தின் மேனேஜரைச் சேரும். நிலையத்துக்கு அங்கங்கே கிளைகள். ஏதாவது ஒரு கிளையில் நெட்வொர்க் படுத்துவிட்டால் வெளியாள் ஒருவரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவருக்குக் காய்ச்சலே இறங்கியிருக்கும். நொந்துபோன மேனேஜர், நம் ஆட்களில் ஒருவருக்கே ஆன்லைனில் பயிற்சி கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்து, யாருக்கு விருப்பம் என்று கேட்டார். லேபில் இருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று மைக்ராஸ்கோப்பில் முக்கியமான வேலை வந்துவிட்டது. அக்கா கையைத் தூக்கினார்.

"பாடம் முடிஞ்சதும் ஒரு கிளையோட ஸ்விட்ச்சை இங்கிருந்தே மாத்திக் காட்டணும் அக்கா" என்று மேனேஜர் நிபந்தனை போட்டார். "கிளை திறக்கும்போது எல்லாம் ஓடிட்டு இருந்தா இனிமே நெட்வொர்க் உங்க பொறுப்பு. இல்லன்னா வெளியாளுக்கே கொடுத்துடுவேன். நீங்க பழையபடி ரிசப்ஷன்."

பழையபடி ரிசப்ஷன் என்றால், டோக்கன் எங்கே, ரிப்போர்ட் எப்போ, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க. ஓய்வு பெறும் நாள்வரைக்கும் இதே மூன்று பல்லவிதான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தார்.

முதல் வகுப்பிலேயே சார் கேட்டார்: "யார் வீட்ல ரயில் ஓடுது?" ஓடியது தையல் மிஷின். அன்றிலிருந்து வகுப்பு நேரத்தில் தையல்காரர் மிஷினைத் தொடவில்லை. கைத்தையலிலேயே மடிப்பு அடித்தார். இந்தத் தியாகத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரையும் தவிர.

"மெதுவா பேசுங்க. உள்ள ஸ்விட்ச் பாடம் நடக்குது."

"எலக்ட்ரீஷியன் வேலையா?"

"லைட் ஸ்விட்ச் இல்லீங்க. கம்ப்யூட்டர் வயரெல்லாம் வந்து சேர்ற பெட்டி. எந்தக் கம்ப்யூட்டர் எதுகூட பேசலாம்னு அதுதான் முடிவு பண்ணும். அது எந்த ஊர்ல இருந்தாலும் சரி, இங்க உக்காந்தபடியே உள்ள பூந்து வேலை பார்க்கலாம்."

"யாரு பார்ப்பாங்க?"

"வேற யாரு? எங்க வீட்டம்மாதான்!"

இந்தப் பெருமிதத்தின் வேகத்தில் அந்த வாடிக்கையாளரின் பேன்ட் ஒரு கால் குட்டையாகிப் போனதை வரலாறு மன்னிக்கட்டும்.

வீரவசனம் பிறந்தது பயிற்சியின் கடைசி வாரத்தில். தொலைவிலிருக்கும் ஸ்விட்ச்சை மாற்றும்போது, நாம் உள்ளே போன வழியையே தெரியாமல் அடைத்துவிடக்கூடும் என்று சார் எச்சரித்தார். அப்புறம் நாம் வெளியே, பெட்டி உள்ளே. "அதனால முதல் வேலையா, பத்து நிமிஷத்துல நீயே அணைஞ்சு எழுந்திருன்னு ஸ்விட்ச்சுக்கு ஒரு கட்டளை கொடுத்துடுங்க. சேமிக்காத மாற்றத்தையெல்லாம் அது மறந்துட்டு, பழைய நிலையில எழுந்திருக்கும். எல்லாம் சரியா வந்தா கட்டளையை ரத்து பண்ணிட்டுச் சேமிச்சுக்கலாம்." இதற்குத்தான் அக்கா, தமக்குத் திரும்பி வர வழி எதற்கு என்று கேட்டது.

வகுப்பு முடிந்ததும் தையல்காரர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "ஏம்மா, நான் எத்தனை வருஷமா தைக்கிறேன்! இன்னமும் தையலுக்குள்ள ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைக்கிறேன். பிரிக்க வேண்டி வந்தா?"

"அது உங்க அளவு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லாததால."

தையல்காரர் ஊசியில் அடுத்த நூலைக் கோத்தார்.

சோதனை நாளும் வந்தது. மலைமேல் இருக்கும் கிளை மதியம் மூடி மாலையில் திறக்கும். அந்த இடைவெளியில், காத்திருப்பவர்களுக்கான வைஃபையைப் பரிசோதனை இயந்திரங்களிடமிருந்து பிரித்துத் தனிக் குழுவாக்க வேண்டும். கிளையில் காவலாளி மட்டும்தான் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பூட்டு வாசல் பூட்டு. ஆள் அனுப்பலாம் என்றாலும், பஸ் மலையேறி முடிப்பதற்குள் கிளை திறந்துவிடும்.

அக்கா விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். தையல்காரர் மிஷினை மூடி, அதன்மேல் துணியையும் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்விட்ச்சிலிருந்து வெளியுலகுக்குப் போகும் இணைப்பில் புதிய குழுவைச் சேர்ப்பது மட்டும்தான் பாக்கி. இங்கேதான் இந்தத் தொழிலுக்கே உரிய சறுக்கல் காத்திருக்கிறது. 'இதையும் சேர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அக்கா 'இது மட்டும்' என்று சொல்லிவிட்டார். வாசலில் நிற்பவர் புதுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பழைய ஆட்கள் அத்தனை பேரையும் வெளியே தள்ளியதுபோல் ஆயிற்று. தள்ளப்பட்டவர்களில் அக்காவும் ஒருவர்.

திரை அப்படியே நின்றது. அக்கா தட்டினார். எழுத்து விழவில்லை.

போன் அடித்தது. மேனேஜர். "அக்கா, அந்தக் கிளை மொத்தமா போச்சு! இங்க ஒண்ணுமே தெரியல. வெளியாளைக் கூப்பிட்டுடவா?"

"வேணாம் சார். கொஞ்சம் பொறுங்க, வந்துடும்."

"எப்படி வரும்?"

"வரும் சார்."

போனை வைத்துவிட்டு அக்கா கைகளை மடியில் போட்டுக்கொண்டார். தையல்காரர் ஸ்டூலை மேசைக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்னம்மா, வெளிய மாட்டிக்கிட்டியா?"

அக்கா திரையின் மேல்பகுதியைக் காட்டினார். அன்று மதியம் அவர் முதல்முதலாகத் தட்டிய வரி அங்கே இருந்தது. தையல்காரருக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் பத்து என்ற எண்ணைப் படிக்கத் தெரியும். அவர் முகம் அடக்க முடியாமல் மலர்ந்தது.

மலைமேல் பெட்டி தானாக அணைந்து, தானாக எழுந்தது. இணைப்பு திரும்பியது. அக்கா மறுபடியும் உள்ளே போய், அழிந்துபோன மாற்றங்களை முதலிலிருந்து தட்டினார். இந்த முறை 'சேர்' என்றே சொன்னார், ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், சேமித்தார். கிளை திறந்தபோது இயந்திரங்கள் ஒரு குழுவில், வைஃபை இன்னொரு குழுவில், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். குரலில் பூமாலை இருந்தது. "அக்கா, இனிமே நெட்வொர்க் உங்களோடதுதான். வெளியாளுக்கு நான் சொல்லிக்கிறேன். ஆமா, நடுவுல கொஞ்ச நேரம் இல்லாம போச்சே, அது லைன் கோளாறுதானே?"

அக்கா ஒரு முறை கணவரைப் பார்த்தார். லைன் என்று சொல்லியிருக்கலாம். மழை, மலை, மின்சாரம் என்று பழிசுமத்த எத்தனையோ இருந்தன. எதுவும் வாய் திறந்து மறுக்கப்போவதில்லை.

"இல்ல சார்" என்றார் மெதுவாக. "நான்தான் தப்பா தட்டிட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு, திரும்பி வர ஒரு வழி வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிச்சேன்."