தண்ணீர் காட்டாத புங்கங்கன்றுகள்

மானகிரிப் பக்கம் ஒரு நாற்றங்காலில் மரக்கன்று வளர்க்கிற வேலை எனக்கு. பையில் மண் நிரப்பணும், களை பிடுங்கணும், தண்ணீர் விடணும். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்துப்போனது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான்.

போன கோடையில் சிவகங்கையிலிருந்து ஆராய்ச்சி படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். இரண்டு வகைப் புங்கங்கன்றுகளை வரிசையாக வைத்தாள். ஒரு வரிசை மழை கொட்டுகிற மலையிலிருந்து வந்த விதை. மற்றது நம்மூர் வறண்ட கண்மாய்க்கரை விதை.

"மரம் ஒண்ணுதான்க்கா. ஆனா தலைமுறை தலைமுறையாக் காஞ்சு கிடந்த மரத்துக்கு, வறட்சியத் தாங்குற குணம் விதையிலயே இறங்கியிருக்கும். மரபணுன்னு சொல்வாக. அது நெசமான்னு பாக்கப்போறேன்."

என்னோடு வேலை பார்க்கும் மதினி தலையை ஆட்டினாள். "நெசந்தான் தாயி. எங்க வீட்டுக்காரரு குளிக்கவே மாட்டாரு. அவுக அப்பாவும் அப்படித்தான்."

பெண் சிரித்துவிட்டு என்னிடம் வந்தாள். "நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாதுக்கா. போச்சுன்னா எல்லாம் கெட்டுரும். மறுபடி அடுத்த கோடைக்குத்தான் செய்ய முடியும், என் படிப்பும் அதுவரைக்கும் நின்னுரும். பாத்துக்கிருவீகளா?"

தலையை ஆட்டினேன். குழாய் வாயில் சாக்கைச் சுற்றிக் கட்டினேன். ஒரு ஆடு அங்கே நின்று ஒன்றுக்குப் போகப் பார்த்தது, அதையும் விரட்டினேன். ஆட்டிடம் எனக்குக் கூச்சமில்லை.

நாள் போகப் போக எங்களூர்ப் புங்கன் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாய் நின்றது. மலைப் புங்கன் தளதளவென்று இருந்தது.

"நம்மூரு மானத்த வாங்கிருச்சே இந்தக் குச்சி!" என்றாள் மதினி. பெண்ணின் முகமும் வாடிவிட்டது.

எங்கள் பக்கம் கை கழுவின தண்ணீரை வெறுந்தரையில் விட யாருக்கும் மனசு வராது. ஏதாவது ஒரு செடியின் காலடியில்தான் விடுவோம். அதைத் தண்ணீர் விட்ட கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாங்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் வேப்பமரம் மலைப் புங்கன் வரிசையை ஒட்டித்தான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் எங்களோடு சாப்பிட்டு எழுந்த பெண், போனை ஸ்பீக்கரில் போட்டுத் தோளில் இடுக்கிக்கொண்டு தன் பேராசிரியரிடம் பேசினாள். "சார், நம்ம நெனச்சது தப்புப் போல. மலைக் கன்னுதான் தாங்குது." பேசிக்கொண்டே இடது கையால் பாட்டிலைச் சாய்த்து வலது கையைக் கழுவினாள். தண்ணீர் நேராக ஒரு மலைக் கன்றின் பையில் விழுந்தது. ஒரு கறிவேப்பிலை மண்ணில் ஒட்டிக்கொண்டது. பக்கத்துப் பைகளைப் பார்த்தேன். ஒன்றில் கடுகு, ஒன்றில் சோற்றுப் பருக்கை. அந்தப் பருக்கை என் தூக்குவாளியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

சொல்லியாக வேண்டும். நாக்கு எழவில்லை. பேராசிரியர் "அப்ப அதையே எழுதிருவோமா?" என்று கேட்டதும் கத்திவிட்டேன்.

"கையி! தாயி, கையி!"

எல்லோரும் திரும்பினார்கள். உடனே நாக்கு ஒட்டிக்கொண்டது. விரலை மட்டும் நீட்டினேன். பெண் குனிந்து ஒவ்வொரு பையாகப் பார்த்தாள். மதினி ஈரக் கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"என்னம்மா சத்தம்?" என்றது போன்.

"கன்னுகளுக்குத் தண்ணி போயிருக்கு சார்."

"யாரு ஊத்துனது?"

பெண் எங்களைப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"எல்லாருந்தான் சார். சாப்புட்டுட்டுக் கை கழுவி. நானுந்தான்."

போனிலிருந்து, "என்னம்மா சாப்புட்டீங்க?"

"புளிசாதம் சார்."

போன் சிரித்தது. சிரித்து முடித்து, அடுத்த கோடையில் மறுபடி செய்யச் சொன்னது. பெண் அப்படியே கீழே உட்கார்ந்து அழுதாள். மதினி பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அழுவாத தாயி. அடுத்த வாட்டி நாங்க ஸ்பூன்ல சாப்புடுறோம்."

இந்தக் கோடையில் புதுக் கன்றுகளோடு வந்திருக்கிறாள். சொன்னபடியே எல்லோரும் ஸ்பூனில் சாப்பிடுகிறோம். முதல் நாள் சாப்பாடு முடிந்ததும் மதினி எழுந்தாள். ஸ்பூனைக் கழுவ, கன்றுகள் பக்கமாக நடந்தாள்.