சுண்ணாம்பு வந்த வருஷம்

ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டைக் காபிக்கடையாக மாற்றியிருக்கிறார்கள். சிமெண்டையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்பே பூசினார்களாம். அப்போதுதான் சுவர் மூச்சு விடுமாம். என்னை அழைத்துப் போன தோழி சுவரைத் தடவித் தடவிப் பூரித்துப் போனாள். எனக்கோ சுண்ணாம்பைப் பார்த்தாலே வயிறு எரியும்.

என் சின்ன வயதில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீட்டில் இருந்தோம். முன்பெல்லாம் தீபாவளிக்கு முன் தோட்ட நிர்வாகம் வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு கொடுக்கும். சுண்ணாம்பு வந்தால் அடுத்த வருஷமும் வீடு நமக்குத்தான் என்பது லயத்துக் கணக்கு. பிறகு அந்த வழக்கம் நின்றுபோயிற்று. தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சும் கிளம்பிற்று. அம்மாவின் தம்பி, ஈப்போ சிலிபினில் லோரி ஓட்டும் மாமா, தன் வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வாடகை வீடு பார்த்து வைத்தார். அப்பாவும் சரியென்று தலையாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் சுண்ணாம்பு வந்து இறங்கியது.

அப்பா ஆளே மாறிவிட்டார். தகரப் பீப்பாயில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அடுப்பே இல்லாமல் அது தளதளவென்று கொதித்தது. ஆறவிட்டு, அம்மாவின் பழைய சேலையில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சியும் உப்பும் கலந்தார். யார் சாய்ந்தாலும் சட்டையில் ஒட்டக் கூடாதாம். மாமா வந்தபோது இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், அந்த வீட்டுக்காரன் இனிமே காத்திருக்க மாட்டான்லா. நாளைக்குள்ள பதில் சொல்லணும்” என்றார் மாமா.

“விக்கப் போறவன் எதுக்குடா சுண்ணாம்பு கொடுக்கிறான்? வேற ஆளுக்கு விடச் சொல்லு.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா பார்த்த பார்வையில் அடுப்படிக்குப் போய்விட்டார்.

லயம் முழுக்கப் பளிச்சென்று ஆன வாரம், கார்களில் ஆட்கள் வந்தார்கள். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். ஒருவர் எங்கள் சுவரில் சாய்ந்து நின்றார். கறுப்புச் சட்டையில் ஒரு பொட்டு வெள்ளை ஒட்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோட்டத்தை வாங்க வந்தவர்கள் அவர்கள்தாம். வாங்குகிறவன் கண்ணுக்கு லட்சணமாகத் தெரிய வேண்டுமென்று, விற்கிறவன் எங்கள் கையாலேயே எங்கள் வீட்டுக்கு அலங்காரம் செய்துகொண்டான். பாவிகள்.

தீபாவளி கழிந்ததும் காலி செய்யச் சொன்னார்கள். சிலிபின் வாடகை வீட்டில் அதற்குள் வேறு குடும்பம் குடியேறிவிட்டது. மாமா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பதென்று முடிவாயிற்று.

மாமாவின் லோரியில் சாமான் ஏற்றி எல்லோரும் உட்கார்ந்த பிறகு அப்பா மட்டும் இறங்கிப் போனார். வாய்க்காலில் வாளி நிறையச் சேற்றை அள்ளி வந்து அந்த வெள்ளைச் சுவரில் வீசினார். மறுபடி அள்ளி, மறுபடி வீசினார். மாமாவும் தடுக்கவில்லை, அம்மாவும் தடுக்கவில்லை. நான்தான் ஓடிப்போய், “அழுக்காவுதுப்பா, விடுங்கப்பா” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஈப்போ வரும்வரை தேம்பிக்கொண்டே வந்தேன். அவ்வளவு அழகான சுவரை அப்பா கெடுத்துவிட்டாரே என்றுதான்.